அடுப்பு அணையாத வீடுகள்

ஜப்பானின் நடுப்பகுதியில், கிஃபு மாநிலத்து மலைகளுக்கு இடையே ஷிராகாவா-கோ என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள ஒகிமாச்சி கிராமத்தின் பழைமையான வீடுகளைக் காண ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சில மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவர். சிலர் மட்டும் கட்டணம் செலுத்தி அவ்வீடுகளில் ஓர் இரவு தங்குவர். அந்த ஓர் இரவுக்கும் அவ்வீடுகளின் ஆயுளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

இவ்வீடுகளின் கட்டட முறைக்குக் ‘கஷ்ஷோ-சுகுரி’ என்று பெயர். ‘கஷ்ஷோ’ என்றால் கைகூப்புதல் என்று பொருள். வணங்கும் இரு கைகளைப் போல் கூரை செங்குத்தாகச் சரிந்திருப்பதால் இப்பெயர் வந்தது. குளிர்காலத்தில் இங்குப் பனி ஆளுயரத்துக்கு மேல் குவியும். கூரை ஏறத்தாழ 60 பாகை சாய்ந்திருப்பதால் பனி அதிகம் தேங்காமல் வழுக்கி விழுந்துவிடும். கூரைச் சட்டங்களை இணைக்க ஆணி பயன்படுத்தப்படுவதில்லை. கயிற்றாலும் வளையும் தன்மையுள்ள இளங்கிளைகளாலும் அவற்றைக் கட்டுகின்றனர். இதனால் பனியின் எடை அழுத்தும்போதும் காற்று வீசும்போதும் கூரை சற்றே நெகிழ்ந்து கொடுக்கும்; முறியாது. கூரைக்கு அடியிலுள்ள விசாலமான பரண்களில் முற்காலத்தில் பட்டுப்புழு வளர்த்தனர்.

வீட்டின் நடுவே, தரையில் பதித்த சதுர வடிவ அடுப்பு ஒன்று இருக்கும். அதனை ‘இரோரி’ என்பர். சமைப்பதற்கும் குளிர்காய்வதற்கும் மட்டுமன்றி, வீட்டைக் காப்பதற்கும் அது உதவுகிறது. அதிலிருந்து எழும் புகை மேலே சென்று புல்லையும் கயிற்றையும் உலர வைக்கிறது, பூச்சிகளையும் அண்டவிடாது. அடுப்பு எரியாத வீட்டில் ஈரம் தங்கிக் கூரை விரைவில் மக்கிவிடும். ஆகவே, ஆள் இல்லாத வீட்டைப் பூட்டி வைத்துப் பாதுகாக்க முடியாது. மனிதர் வாழ்ந்தால்தான் வீடும் வாழும்.

ஆனால், ஒரு காலத்தில் அந்த மனிதர்களே குறையத் தொடங்கினர். பட்டுத் தொழில் நலிவுற்றது. இளைஞர் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றனர். அணைக்கட்டு கட்டப்பட்டபோது அப்பள்ளத்தாக்கின் சில குடியிருப்புகள் நீரில் மூழ்கின. பல வீடுகள் வெளியூராருக்கு விற்கப்பட்டு, பிரித்து எடுத்துச் செல்லப்பட்டன. இந்நிலையில், 1971-ஆம் ஆண்டில் ஒகிமாச்சி மக்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். ‘விற்க மாட்டோம், வாடகைக்கு விடமாட்டோம், இடிக்க மாட்டோம்’ என மூன்று உறுதிமொழிகளை ஏற்றனர்.

வாடகைக்கு விடமாட்டோம் என்றவர்கள் விருந்தினரை எப்படித் தங்க வைக்கின்றனர்? வீட்டை வெளியாரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறுவதையே அவர்கள் மறுத்தனர். குடும்பத்தார் தாமும் அங்கேயே வாழ்ந்துகொண்டு, விருந்தினருக்கு அறை தந்து உணவு பரிமாறுவதை அவர்கள் மறுக்கவில்லை. இத்தகைய விடுதி ‘மின்ஷுகு’ எனப்படும். விருந்தினர் பாய் விரித்த அறையில் மெத்தையிட்டு உறங்குவர். அறைகளைப் பிரிப்பவை மெல்லிய நகர்கதவுகளே. ஆகவே, அடுத்த அறையில் இருப்போரை எண்ணி மெதுவாகப் பேச வேண்டும். குளியலறை பொதுவானது. இரவு உணவில் ஆற்றுமீனும் மலைக்கீரையும் இடம்பெறும். புல்வேய்ந்த ஊர் என்பதால் நெருப்பில் மிகுந்த எச்சரிக்கை தேவை.

விருந்தினர் தரும் கட்டணம் குடும்பத்தார் ஊரிலேயே தங்கி வாழத் துணைபுரிகிறது. எனினும், பணம் மட்டும் இவ்வீடுகளைக் காப்பதில்லை. ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூரையைப் புதிதாக வேய வேண்டும். அந்நாளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கூரை மீதேறி, அதன் ஒரு பக்கத்தை ஓரிரு நாளில் வேய்ந்து முடிப்பர். இன்று ஒரு வீட்டாருக்குச் செய்த உதவி, நாளை மற்றொரு வீட்டாருக்குச் செய்யப்படும். இக்கூட்டுழைப்பை ‘யுய்’ என்பர். ‘ஊர் கூடித் தேர் இழுத்தல்’ என்று நாம் சொல்வதை அவர்கள் கூரையில் செய்துகாட்டுகின்றனர்.

1995-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவ்வூரை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டில்தான் நம் மலேசியாவிலும், பகாங் மாநிலம் தெமர்லோவிலுள்ள டேசா முர்னியில், ‘ஹோம்ஸ்தே’ திட்டம் தொடங்கப்பெற்றது. இத்திட்டத்திலும் விருந்தினர் கம்பத்து வீட்டில் குடும்பத்தாருடன் சேர்ந்தே தங்க வேண்டும். அவர்களுடைய அன்றாட வாழ்வில் பங்குகொள்ள வேண்டும். வெற்று வீட்டின் சாவியை வாங்கிக்கொண்டு தங்குவது இதில் அடங்காது.

அடுத்த விடுமுறையில் கிராமத்து வீடு ஒன்றில் தங்க நேர்ந்தால், அறையின் வசதியை மட்டும் பார்க்காதீர்கள். அவ்வீட்டில் யார் வாழ்கிறார், அடுப்பை யார் மூட்டுகிறார் என்றும் கேட்டறியுங்கள். அவ்வீடு இன்னும் எத்தனை காலம் நிலைத்திருக்கும் என்பது அவர்களைப் பொறுத்தே அமையும்.

சிந்தித்து விடையளிக்க:
1. கஷ்ஷோ வீடுகளைப் பூட்டி வைத்துப் பாதுகாக்க முடியாது எனக் கூறப்படுவது ஏன்?
2. ‘வாடகைக்கு விடமாட்டோம்’ என்னும் உறுதிமொழியும் விருந்தினரைத் தங்க வைப்பதும் முரண்படுகின்றனவா? உன் கருத்தை விளக்குக.
3. உன் வட்டாரத்திலுள்ள பழைய வீடு ஒன்றைக் காக்க நீ பரிந்துரைக்கும் வழிகள் இரண்டினைக் கூறுக.