சுக்குட்டியைச் சுக்குட்டி என்றே எழுது

அன்புள்ள அம்மிணிக்கு,

பண்ணைக்கீரை ஓவியம் மற்றக் கீரை ஓவியங்களோடு வந்து சேர்ந்தது. கதிரின் நுனியில் இளஞ்சிவப்பாகத் தொடங்கி, கீழே வரவர வெள்ளியாக வெளுக்கும் இடத்தில் தூரிகை தயங்கவே இல்லை. தயக்கமெல்லாம் தாளின் அடியில்தான். பெயர் எழுத வேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது, பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி. எந்தப் பெயரை எழுதுவது, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இரண்டு கேள்விகள் அதற்குள் இருக்கின்றன.

செடியை வரைந்து அதற்குப் பெயர் எழுதும் வேலை கோயம்புத்தூருக்குப் புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் பருத்திச் சோதனைப் பண்ணைகளைப் பார்த்துக்கொள்ள 1842 முதல் 1853 வரை இங்கே இருந்தவர் ராபர்ட் வைட். படிப்பால் அறுவை மருத்துவர், ஈடுபாட்டால் தாவரவியலாளர். தென்னிந்தியச் செடிகளுக்காக அவர் 1838-இல் தொடங்கிய ‘இக்கோனீஸ்’ 1853-இல் முடிந்தபோது ஆறு தொகுதிகளும் 2,101 தட்டுகளும் ஆகியிருந்தது. அந்தப் படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. கோவிந்துவின் நினைவாக ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் பெயர் சூட்டினார். பிற்காலத் தாவரவியலார் அதை வேறொரு பேரினத்துக்குள் அடக்கிவிட்டார்கள் என்பது வேறு கதை. தட்டுகளின் தலைப்பில் லத்தீன் இருக்கும். அந்தச் செடியை முந்தானையில் பறித்துப்போட்டுக்கொண்டு வந்தவள் அதை என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பது அந்தத் தலைப்பில் ஏறவில்லை. அந்த இடம்தான் இப்போது உன் தாளின் அடியில் காலியாக இருக்கிறது.

வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. 1955-இல் தொடங்கியது. மதராஸ் ஹெர்பேரியம் என்று உலகம் அறிந்த உலர்தாவரத் தொகுப்பு அங்கேதான். ஒரு நாள் போய் அந்தத் தாள்களின் வலது மூலையைப் பார்க்க வேண்டும். செடி எங்கே கிடைத்தது, எந்த நாளில், பறித்தவர் யார், அவருடைய வரிசை எண் என்ன என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டில்லாத செடி வெறும் சருகு. கேட்டு எழுதும் பெயருக்கும் அதே சீட்டு தேவை: எந்த ஊர், எந்த மாதம், சொன்னவர் என்ன வேலை செய்கிறவர், வீட்டில் பேசும் மொழி எது.

சீட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் ‘காட்டுக்கீரை’யே போதும். சென்னையில் இருந்து படிப்பவருக்கு அது வனத்தில் முளைத்த கீரை. கொங்கில் காடு என்றால் மானாவாரி நிலம். “காட்டுக்குப் போயிருக்காருங்க” என்றால் சோளக்காட்டுக்கோ கம்பங்காட்டுக்கோ போயிருக்கிறார் என்று பொருள். அவர் புலி பார்க்கப் போகவில்லை. காங்கேயம் பக்கம் மாடு மேய்க்கக் கிளுவை வேலி கட்டி வைத்திருக்கும் கொறங்காடும் காடுதான். ஆக, இங்கே காட்டுக்கீரை என்பது மழைக்குப் பிறகு பயிருக்கு நடுவே தானாக எழும்பும் களை. பண்ணைக்கீரையும் அந்தக் கூட்டம்தான். பண்ணை என்றால் நிலம், வேளாண்மை. இன்றைக்கும் இங்கே பண்ணையம் பார்ப்பது என்றுதான் பேச்சு. அதே செடிக்கு லத்தீனில் வைத்த பெயரின் முதற்பாதி எரிதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல், பின்பாதி வெள்ளி. அவர்கள் கதிரைப் பார்த்தார்கள். கொங்குக்காரர் அது நிற்கிற இடத்தைப் பார்த்தார். வரைகிறவருக்கு இரண்டு பார்வையும் வேண்டும்.

இனி சுக்குட்டி. அந்த ஓவியத்தின் அடியில் மட்டும் ‘மணத்தக்காளி’ என்று துணிந்து எழுதியிருக்கிறாய். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும், தப்பில்லை. ஆனால் உன் அம்மாயி அதைச் சுக்குட்டிக்கீரை என்றுதானே சொல்லியிருப்பார்? கோவைச் சந்தையில் சுக்குட்டி என்று கேட்டால் கட்டு கையில் வந்துவிடும். புத்தகப் பெயர் அச்சில் எங்கும் இருப்பதால் அழியாது. சுக்குட்டி வாயில் மட்டும் வாழ்கிறது. அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

மணத்தக்காளியிலும் ஒரு சுவையான செய்தி உண்டு. மணி போன்ற பழமுள்ள தக்காளி என்பதால் மணித்தக்காளி என்றும் எழுதுவார்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த சிவப்புப் பழத்துக்கு முன்பே தக்காளி என்ற சொல் தமிழில் இருந்தது. இந்த மண்ணின் சிறு பழங்களை, உறைக்குள் ஒளிந்திருக்கும் சொடக்குத் தக்காளியை, அது குறித்தது. (அந்த உறையை நெற்றியில் அடித்துச் சொடக்கு விடாத குழந்தைப் பருவம் கொங்கில் இருந்திருக்காது.) புதிய பழம் வந்தபோது ‘சீமைத் தக்காளி’ என்று அடைமொழி போட்டார்கள். சில தலைமுறையில் சீமை உதிர்ந்தது. வந்தவர் வீட்டுக்காரராகி, வீட்டுக்காரர் மணத்தக்காளி, சொடக்குத் தக்காளி என்று அடைமொழியோடு திண்ணைக்குப் போய்விட்டார்.

இப்படி நடப்பது தமிழில் மட்டுமல்ல. காட்டுக்கீரைகளைப் பின்னிச் சடையாக்கி உலர்த்திக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளும் ஆர்மீனியர்களிடம் கீரைக்குப் பொதுப்பெயர் பஞ்சார். அந்தச் சொல் துருக்கிய மொழிக்குப் போய் அங்கே பீட்ரூட்டின் பெயராக நின்றுவிட்டது. ஊர் மாறும்போது பொதுப்பெயர் ஒருத்தருக்கே சொந்தப்பெயராகிறது.

பெயரின் பிறப்பைத் தேடும்போதுதான் வழுக்கும். பொன்னாங்கண்ணியை எடுத்துக்கொள். ‘பொன் ஆம் காண் நீ’ என்று பிரித்து, தின்றால் மேனி பொன்னாகும் என்று விளக்கம் சொல்லாத கீரைப் புத்தகம் இல்லை. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கரிசலாங்கண்ணியையும் அதே கத்தியால் வெட்டிப் பார்க்க வேண்டும். ‘கரிசல் ஆம் காண் நீ’ என்று யாரும் வாழ்த்த மாட்டார்கள். கசக்கினால் சாறு கறுக்கும் செடி அது. கரிசல் அங்கிருந்து வருகிறது. இரண்டு பெயரிலும் ஒரே ‘கண்ணி’ வாலாக நிற்கும்போது, ஒன்றில் மட்டும் அதை வாக்கியமாக உடைப்பது நியாயமில்லை.

அதோடு நிற்காமல் பக்கத்து வீட்டிலும் கேட்க வேண்டும். அதற்குக் கொங்கைவிட நல்ல இடம் கிடையாது; ஒரே தெருவில் தெலுங்கு பேசும் வீடும் கன்னடம் பேசும் வீடும் இருக்கும். தெலுங்கில் இந்தக் கீரை பொன்னகண்டி கூர. அவர்களுடைய விளக்கம் பொன்னைப் பற்றியதே அல்ல: ‘போயின கண்டி கூர’, அதாவது போன கண்ணை மீட்கும் கீரை. கன்னடத்தில் ஹொனகொன்னெ, பழைய பகரம் அங்கே ஹகரமாகிவிட்டது. மூன்று மொழியிலும் இருக்கும் ஒரு பெயருக்குத் தமிழில் மட்டும் பொருந்துகிற வாக்கியம் வேராக முடியாது. அதற்காக அந்தக் கதைகளைத் தூக்கி எறியவும் வேண்டாம். மக்கள் தங்கள் கீரையைப் பற்றி என்ன நம்பினார்கள் என்பதற்கு அவை சாட்சி. ஓவியத்தின் பின்புறம் ‘இப்படிச் சொல்கிறார்கள்’ என்று எழுதிவைக்கலாம். முன்புறம் வேர்ச்சொல் என்று எழுதக் கூடாது.

கீரை என்ற சொல்லே நடந்துபோய்ப் பார்க்க வேண்டிய சொல். தாளவாடிப் பக்கம் கன்னடக்காரர் வீட்டில் இலைக்கறிக்குச் சொப்பு என்று பெயர் இருந்தாலும், கீரெ என்ற சொல்லும் அவர்கள் மொழியில் உண்டு. மேற்கே வாளையாறு தாண்டிவிட்டால் அது ‘ச்சீர’. கன்னடத்தின் கிவி தமிழில் செவி, கெம்பு இங்கே செம்மை. இகர எகரத்துக்கு முன் ககரம் சகரமாவது தமிழின் பழைய பழக்கம். அந்த மாற்றம் கீரையைத் தமிழில் தொடவில்லை, மலையாளத்தில் தொட்டுவிட்டது. பாலக்காட்டுப் பேருந்தில் முக்கால் மணி நேரம் போனால் ஒலிமாற்றத்தைக் காதால் கேட்டுவிடலாம். பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியை நூலகத்தில் புரட்டு, ஆனால் பேருந்தில் போய்வந்த பிறகு.

ஒரே ஒலி இருந்தால் ஒரே வேர் என்று நினைப்பது அடுத்த வழுக்குப்பாறை. உன் வேலி ஓரத்துக் கோவைக்கொடி பழந்தமிழில் கொவ்வை என்றும் வரும். சிவந்த வாய்க்கு உவமையான பழம். உன் ஊர் கோவை, கோயம்புத்தூரின் சுருக்கம். பாட்டுகளைக் கோத்த சிற்றிலக்கியமும் கோவை. மூன்றுக்கும் சம்பந்தம் பேசி முடித்துவைக்கும் ஆட்கள் கல்யாணத் தரகரைவிட அதிகம். குமட்டிக்கீரையும் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும். வயிற்றைக் கலக்கும் கசப்புக் குமட்டிக்காய் தனிக்கொடி. அதற்குக் குமட்டல் பொருந்தும். பச்சைப்பயிறு போட்டுக் கடைந்தால் களிக்கு இன்னொரு உருண்டை கேட்கவைக்கும் கீரைக்கு அது எப்படிப் பொருந்தும்? பெயர் ஒன்றாக இருந்து செடி வேறாக இருக்கும் இந்த இடத்தில் ஓவியருக்கு இன்னொரு கடமையும் உண்டு. இலையையும் காயையும் மயக்கமில்லாமல் வரையாவிட்டால், படத்தை நம்பிப் பறிப்பவர் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்.

தொய்யக்கீரையில் உனக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. தொய்தல் என்றால் துவண்டு தாழ்தல். சங்க காலத்துப் பெண்கள் தோளிலும் மார்பிலும் எழுதிக்கொண்ட கோலத்துக்குப் பெயர் தொய்யில். வரைகிறவர் மனம் உடனே அந்தப் பக்கம் சாயும். சாயட்டும், ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு, தொய்யக்கீரையின் மெல்லிய நீண்ட பூந்தண்டைச் சரியாக வளைத்து வரைவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எழுத்துப்பிழை போலத் தெரிவதில் சில சமயம் வேர் ஒளிந்திருக்கும். அரைக்கீரையைப் பார்த்து ‘ஏன் பாதி?’ என்று கேட்பவர் உண்டு. பழைய மருத்துவ நூல்களில் அது அறுகீரை. அறுக்க அறுக்கத் துளிர்ப்பது. வல்லின றகரம் பேச்சில் தேய்ந்து, ஐகாரம் ஏறி, அரை ஆகிவிட்டது. முடக்கத்தானும் முடக்கு அறுத்தான் என்பதன் தேய்வாக மருத்துவ நூல் வழக்கில் நிற்கிறது. மூட்டு முடக்கத்தை நீக்கும் என்ற நம்பிக்கை பெயருக்குள்ளேயே ஏறிவிட்டது. பெயரை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, தோசைக்கு மட்டும் அரைத்துக்கொள்ளலாம். லத்தீன்காரர் அதே செடிக்கு ‘இதய விதை’ என்று பொருள்படப் பெயர் வைத்தார். நீ அனுப்பிய படத்தில் காய் ஊதிய பலூன் போல அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு காயையாவது பிளந்து, கறுப்பு விதையின் மேல் இருக்கும் அந்த வெள்ளை இதயத்தைக் காட்டாமல் விட்டுவிட்டாய்.

ஆரைகளை ஒரே தாளில் பக்கம் பக்கமாக வரைந்தால் பார்க்க நன்றாக இருக்கும். ஆரைக்கீரைக்கு நாலு சிற்றிலை, புளியாரைக்கு மூன்று, வல்லாரைக்கு வட்டமான ஒற்றை இலை. தாவரவியலில் மூன்றும் வெவ்வேறு குடும்பம். முதலாவது பூக்கவே பூக்காத நீர்ப்பெரணி. தமிழ்ப்பெயர் மூன்றையும் ஒரு வீட்டில் வைத்திருக்கிறது.

கீரைப்பெயர்கள் வெளியூர் போனதும் உண்டு. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ மலையாள நாட்டுச் செடிகளை உள்ளூர்ப் பெயரோடு அச்சிட்டது. அந்த வழியாகத்தான் பசளை, பேசெல்லா என்று லத்தீன் வேடம் கட்டியது. முருங்கை, மொரிங்கா ஆனது. இன்று சத்துமாவு டப்பாவில் ‘மொரிங்கா’ என்று அச்சிட்டுப் பெரிய விலைக்கு விற்கிறார்கள். கொல்லையில் ஒடிந்துவிழும் கிளையைச் சீந்துவாரில்லை.

வெளியூர் போகாமல் ஈராயிரம் ஆண்டு அதே இடத்தில் நிற்கும் பெயர் குப்பைக்கீரை. குமணனிடம் பரிசில் கேட்டுப் போன பெருஞ்சித்திரனார், தன் மனைவி குப்பைக்கீரை பறித்த கதையைப் புறநானூற்று 159-ஆம் பாட்டில் சொல்கிறார். முன்பே கிள்ளிய கணுவில் மறுபடி துளிர்த்த இளந்தளிர், உப்பில்லை, மோரில்லை, சோறும் இல்லை. குமணனின் முதிரமலை உடுமலைப்பேட்டைப் பக்கம் என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. அப்படியானால் அது உன் மாமன் ஊருக்குப் போகும் வழி. 215-ஆம் பாட்டில் கோப்பெருஞ்சோழன் சொல்லும் வேளைப்பூ வேறு விதம்: ஆய்மகள் அதைத் தயிரோடு சேர்த்துப் புளிப்பாகச் சமைக்கிறாள். ஒரே வகைக் களைகள் ஒரு வீட்டில் பஞ்சம், இன்னொரு வீட்டில் விருந்து. குப்பைக்கீரை என்ற பெயரைப் பார்த்து முகம் சுளித்து ‘காட்டு முளைக்கீரை’ என்று நாகரிகப்படுத்த யாராவது சொன்னால், அந்த ஒன்றுக்கு மட்டும் சம்மதிக்காதே.

பெயர் கேட்கப் போக வேண்டிய நேரம் களையெடுப்பு. மழை பெய்து சோளம் முழங்கால் உயரம் வந்ததும் களைக்கொத்தோடு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நகர்வார்கள். பிடுங்குவதில் எது வரப்புக்கு, எது மடிக்கு என்று அவர்கள் கை பிரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பாதிப் பெயர் தானாக விழும். “இது பேரு என்னங்க ஆத்தா?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். ‘இது பண்ணைக்கீரைதானுங்களே?’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், படித்த பிள்ளை சொல்கிறதே என்று. களைக்கொல்லி தெளிக்கும் காட்டில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளும் இல்லை, செடியும் இல்லை. பறித்துத் தின்னவும் கூடாது.

ஓவியங்கள் அடுத்த தபாலில் திரும்பி வருகின்றன. மூக்கிரட்டையை மட்டும் மறுபடி வரைய வேண்டியிருக்கும். தரையில் படர்ந்த தண்டும் குட்டிப் பூவும் சரி, வேரை விட்டுவிட்டாய். ஈரம் காயும் முன் தோண்டினால் தடித்த ஆணிவேர் முறியாமல் வரும். பண்ணைக்கீரையின் அடியில் இருந்த கேள்விக்குறியை அழிரப்பரால் அழித்தாயிற்று. அங்கே இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது, ஊர்ப்பெயரும் மாதமும் சேர்த்து எழுத.

அன்புடன்,
உன் அண்ணன்