தோட்டத்து நாய் சினையானால்: 63 நாள் கணக்கு

மாட்டுச் சினை என்றால் நம்மிடம் எல்லாக் கணக்கும் இருக்கும். எந்தத் தேதியில் ஊசி போட்டது, எத்தனை மாசம் ஆச்சு, கன்று எப்போது விழும் என்று கேட்ட உடனே சொல்வோம். அதே கட்டுத்தரைக்குக் காவல் இருக்கிற நாய் சினையாக இருப்பது மட்டும், வயிறு தொங்கிய பிறகுதான் பல பேருக்குத் தெரியும். சில தோட்டங்களில் விறகுக்கு அடியில் குட்டி கத்துகிற சத்தம் கேட்டுத்தான் தெரிகிறது.

இது சின்ன விசயம் இல்லைங்க. காங்கேயம், வெள்ளக்கோவில், தாராபுரம் பக்கம் கொறங்காட்டில் பட்டி போட்டிருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். தெருநாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போடுவது அங்கே தீராத பாடாகிவிட்டது. இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராட்டத்தில் இறங்க வேண்டி வந்தது. அந்த நாய்க் கூட்டம் எங்கிருந்து வருகிறது? சாலையோரம் கொட்டுகிற கோழிக்கழிவு அதற்குத் தீனி. ஊரிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடுகிற பெட்டைக் குட்டிகள் அதற்கு ஆள் பலம். ஆகவே நாய்ச் சினையைத் தெரிந்துகொள்வது ஆட்டுக்காரருக்கும் சேர்த்துப் படிக்கிற பாடம்.

தேதியைக் குறித்து வையுங்கள்

வங்கியில் இருந்த காலத்தில் நான் கற்றது, தவணைத் தேதி தெரியாத கடனைப் பின்தொடர முடியாது என்பது. நாய்ச் சினைக்கும் அதுவே.

பெட்டை நாய் பொதுவாக வருசத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். முதல் ஒன்பது நாள் வாக்கில் இரத்தக் கசிவு இருக்கும்; அப்போது கடுவனைக் கிட்டே விடாது. கசிவு வெளுக்கிற அடுத்த ஒன்பது நாள் வாக்கில்தான் சேரும். இவை சராசரிக் கணக்கு. நாய்க்கு நாய் கூடக் குறைய இருக்கும். அந்த நாட்களில் பல கடுவன்களோடு சேர்ந்தால் ஒரே ஈற்றில் வெவ்வேறு தகப்பனின் குட்டிகள் பிறக்கலாம். நல்ல கோம்பை, ராஜபாளையம், சிப்பிப்பாறைக் குட்டி வேண்டுமென்றால் மூன்று வாரமும் பெட்டையைக் கட்டிக் காக்கணும்.

சேர்ந்த பிறகு இரண்டும் பிரிய முடியாமல் சில நிமிடம் முதல் அரை மணி நேரம் வரைகூட நிற்கும். பிள்ளைகள் கல்லெறிவதும் தண்ணீர் ஊற்றுவதும் நாம் எல்லோரும் பார்த்ததுதான். இழுத்துப் பிரித்தால் இரண்டுக்கும் காயம். தானாகப் பிரியட்டும்.

சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். சேர்ந்த தேதியிலிருந்து எண்ணினால் 58 முதல் 68 நாளுக்குள் ஈனும். ஜனவரி 10இல் சேர்ந்தது என்று வையுங்கள். பிப்ரவரி 7இல் 28 நாள், பிப்ரவரி 21இல் 42 நாள், மார்ச் 14இல் 63 நாள். மார்ச் 9 முதல் 19 வரை வீட்டில் ஒருவர் இருக்கணும். எங்கள் தோட்டத்தில் பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே இந்தத் தேதிகளையும் குறித்துவிடுகிறோம்.

சினைதானா?

நாலு வாரம் ஆனதும் கால்நடை டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்லக்கூடும். ஸ்கேனில் குட்டியின் இதயத் துடிப்பே தெரியும். எத்தனை குட்டி என்று அறிய 55 நாளுக்கு மேல் எடுக்கிற எக்ஸ்ரேதான் சரி. அதற்குள் எலும்பு உறுதிப்பட்டிருக்கும். நாமே வயிற்றை அமுக்கிப் பார்க்கக் கூடாது.

பொய்ச்சினையும் உண்டு. சினையே இல்லாமல் மடி பெருத்து, பால் கசிந்து, படுக்கை தேடும். அதற்கும் தேதிக் கணக்கும் டாக்டரும்தான் பதில்.

தீனி

முதல் ஐந்து வாரம் வழக்கமான தீனியே போதும். அப்போதே அள்ளிப் போட்டால் கொழுப்பு வைத்து, ஈனுவதில் சிரமம் வரும். ஆறாவது வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஈனும்போது வழக்கத்தைவிடக் கால் பங்கு முதல் அரைப் பங்கு அதிகமாக இருக்கணும். குட்டிகள் வயிற்றை அடைப்பதால் ஒரே வேளையில் தின்னாது. மூன்று நாலு வேளையாகப் பிரித்து வையுங்கள். வெறும் சோறும் மோரும் பத்தாது. முட்டை, வேகவைத்த கறி, மீன் மாதிரி புரதம் சேரணும். பால் கொடுக்கிற காலத்தில் தேவை இரண்டு மூன்று மடங்காகும்.

எலும்பு பலப்படட்டும் என்று சினைக்காலத்தில் கால்சியம் டானிக் ஊற்றுகிறவர்கள் உண்டு. அது வேண்டாங்க. வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால், உடம்பு தன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கிற வேலையை மந்தமாக்கிவிடும். பால் சுரக்கிறபோது திடீர்த் தேவைக்கு ஈடு கொடுக்க முடியாமல் வலிப்பு வரும்.

இயற்கை வழிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: மாட்டுக்குக் கொடுக்கிற கைமருந்து எல்லாம் நாய்க்கு ஆகாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுவை அழிப்பவை. புழுவுக்கு என்று பூண்டு அரைத்துப் புகட்டாதீர்கள்.

புழுவும் தடுப்பூசியும்

தாயின் உடம்பில் உறங்குகிற உருண்டைப் புழு, சினையின் கடைசிப் பகுதியில் விழித்து, வயிற்றுக் குட்டிக்குப் போய்விடும். கொக்கிப் புழு பால் வழியாகப் போகும். குட்டி வயிறு உப்பி, வெளிறிச் சாவதற்கு இது பெரிய காரணம். ஆறாவது வாரத்தில் டாக்டரிடம் கேட்டுச் சினைக்கு ஏற்ற புழு மருந்து கொடுக்கணும். உண்ணிக்கு அடிக்கிற மருந்தையும் கேட்காமல் அடிக்க வேண்டாம். வெறிநோய் உள்ளிட்ட தடுப்பூசிகளைச் சேர்க்கைக்கு முன்னரே முடித்து வைப்பதுதான் முறை.

மாடு போட்ட நஞ்சுக்கொடியையும், விசிறிய கன்றையும் நாய் தின்ன விடாதீர்கள். அதில் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி இருந்தால், நாயின் கழிவு வழியாகத் தீவனத்துக்கு வந்து மாடுகள் கன்று விசிறும். நஞ்சுக்கொடியை ஆலமரத்தில் கட்டுகிற வழக்கம் நாய்க்கு எட்டாமல் வைத்தது. இப்போது ஆழக் குழி எடுத்துப் புதைக்கலாம். ஆட்டின் ஈரல், நுரையீரலைப் பச்சையாகப் போடுவதும் தப்பு. அதிலிருக்கிற நீர்க்கட்டிப் புழு நாய் வழியாக மனிதருக்கும் வரும்.

ஈனும் இடம்

தேதிக்குப் பத்து நாள் முன்னால் இடம் தயாராகணும். ஆள் நடமாட்டமும் மற்ற நாய்களும் இல்லாத, காற்று நேராக அடிக்காத மூலை நல்லது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகை ஆகாது. ஆடி மாசமென்றால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைத் தடுக்கிற மறைப்பு வேணும்.

தாய் கால் நீட்டிப் படுத்து, இன்னும் பாதி இடம் மிச்சம் இருக்கிற அளவுக்குப் பலகைப் பெட்டி அடியுங்கள். உட்புறம் நாலு அங்குல உயரத்தில், சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி மூங்கில் சட்டம் கட்டினால், தாய் சாய்கிறபோது குட்டி நசுங்காது. மெத்தைக்குப் பழைய வேட்டி போதும். சுற்றிலும் சாம்பல் தூவி, எறும்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: சுத்தமான துணிகள், கொதிக்க வைத்த கத்தரிக்கோல், நூல், டிங்சர் அயோடின், டிஜிட்டல் தெர்மாமீட்டர், டார்ச், டாக்டரின் எண். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.

ஈனும் நாள்

நாயின் வழக்கமான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். கடைசி வாரத்தில் காலை மாலை ஆசனவாயில் பாருங்கள். 99க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈனும். தீனி எடுக்காது, மண்ணைப் பறிக்கும், மூச்சு வாங்கும். இந்தக் கட்டம் 6 முதல் 12 மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். பிறகு முக்க ஆரம்பிக்கும். குட்டிக்குக் குட்டி அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி சாதாரணம்.

பக்கத்தில் ஒருவர் சும்மா இருந்தால் போதும். தாயே சவ்வைக் கிழித்து, நக்கி, கொடியைக் கடித்துவிடும். செய்யாவிட்டால் மட்டும் நாம் சவ்வைக் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, துணியால் தேய்த்து மூச்சு வரவைக்கணும். வயிற்றிலிருந்து ஒரு அங்குலம் விட்டுக் கொடியை நூலால் கட்டி, வெட்டி, அயோடின் வைக்கணும்.

டாக்டரை உடனே கூப்பிட வேண்டியவை:

- பலமாக முக்கி அரை மணி ஆகியும் குட்டி வரவில்லை.
- உள்ளே குட்டி இருந்தும் இரண்டு மணி நேரம் அடுத்தது வரவில்லை.
- முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நீர் வருகிறது.
- வெப்பம் இறங்கி ஒரு நாள் கழிந்தும் வலி இல்லை.
- 68 நாள் தாண்டிவிட்டது.

வலி வரட்டும் என்று நாமாக ஊசி போடக் கூடாது. குட்டி குறுக்கே நின்றால் கருப்பை கிழிந்துபோகும்.

முதல் சில வாரம்

முதல் நாளே எல்லாக் குட்டியும் சீம்பால் குடித்ததா என்று பாருங்கள். குட்டிகளுக்கு முதல் வாரம் உடம்புச் சூடு தாங்காது. தாய் எழுந்துபோகிற நேரத்தில் குளிரவிடக் கூடாது. தினமும் தராசில் நிறுத்துப் பாருங்கள். பத்து நாள் வாக்கில் எடை இரட்டிப்பாகணும். கண் 10 முதல் 14 நாளில் திறக்கும். நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப் போல இரண்டு மடங்கு இருப்பதால், தாய் இல்லாத குட்டிக்குப் பசும்பால் மட்டும் ஈடாகாது. புழு மருந்து 2, 4, 6, 8ஆவது வாரங்களில். முதல் தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில், வெறிநோய் ஊசி மூன்று மாசத்தில்.

ஈன்ற மூன்று நாலு வாரத்துக்குள் தாய் நடுங்கினாலோ, கால் விறைத்தாலோ, அது கால்சியம் குறைவு. குட்டிகளைப் பிரித்துவிட்டு அந்த நிமிடமே டாக்டரிடம் ஓடணும். தாமதித்தால் உயிர் போகும்.

குட்டிகள் யாருக்கு?

இதைச் சினையான அன்றே யோசிக்கணும். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். கடுவனுக்கு ஆள் வரும். பெட்டைக்கு வருவது அரிது. சாக்கில் கட்டி விடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் வருகிற குற்றம். வளர்ப்பு நாயின் தடுப்பூசி, கருத்தடை, இனப்பெருக்கக் கட்டுப்பாடு எல்லாம் வளர்ப்பவர் பொறுப்பு என்று 2023ஆம் ஆண்டு விதிகளும் சொல்கின்றன.

கையில் ஏற்பாடு இல்லையென்றால், பால் வற்றியதும் தாய்க்குக் கருத்தடை செய்துவிடுங்கள். அதனால் காவல் குறையாது. ஆறு மாசத்துக்கு ஒரு முறை கடுவன்கள் தோட்டத்தைச் சுற்றிச் சண்டை போடுவதும் நிற்கும். இன்றைக்கு ரோட்டில் விடுகிற ஆறு குட்டியில் மூன்று பிழைத்தாலும், நாளைக்கு அவை நிற்கப்போவது யாரோ ஒருவரின் ஆட்டுப்பட்டிப் படலுக்கு வெளியேதான். அது நம்முடைய பட்டியாகவும் இருக்கலாமுங்க.