கணுக்கால் சுளுக்கு: முதல் ஆறு கிழமைகளில் செய்ய வேண்டியவை

இப்பாடத்தில் நீங்கள் அறிந்துகொள்பவை:
- கால் பிரளும்போது உள்ளே என்ன நடக்கிறது
- அது சுளுக்கா, எலும்பு முறிவா என்று வீட்டிலேயே சந்தேகிப்பது எப்படி
- வீட்டில் செய்யக்கூடிய சிகிச்சையும் பயிற்சியும்
- கால் திரும்பத் திரும்பப் பிரண்டால் என்ன செய்வது

ஓர்ஸ் ஹில் என்றும் உவர்மலை என்றும் சொல்லப்படும் மேட்டில்தான் எமது அலுவலகம் இருக்கிறது. மூதூர் கிழக்கிலிருந்து வீட்டுத்திட்டப் படிவம் கொடுக்க வந்த ஒரு தாய், அந்த ஏற்றத்தில் மூன்று இடத்தில் நின்று நின்று ஏறி வந்தார். என்னவென்று கேட்டோம். "ஒண்டுமில்லை தம்பி, சுளுக்குத்தான்" என்றார். எட்டு மாதங்களுக்கு முன் காணி துப்புரவு செய்தபோது, பற்றைக்குள் மறைந்திருந்த பழைய அத்திவாரக் குழியில் கால் பிரண்டிருக்கிறது. எண்ணெய் போட்டு உருவினார்கள். ஒரு மாதம் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். வீக்கம் வற்றியதும் வேலைக்குப் போய்விட்டார். அதன்பின் அதே கால் நான்கு தடவை பிரண்டுவிட்டது. இப்போது தண்ணீர்க் குடத்துடன் வரம்பில் நடக்கவே பயப்படுகிறார்.

ஊர் திரும்பிய முதல் வருடத்தில் இப்படியானவர்களை அடிக்கடி காண்கிறோம். சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, தென்னமரவாடி போன்ற ஊர்களுக்குத் திரும்பியவர்கள், நீண்ட காலம் ஆளில்லாமல் கிடந்த நிலத்தில் நடக்கிறார்கள். தூர்ந்த கிணறு, இடிந்த படி, வடலி அடி, எலி வளை எல்லாம் புல்லுக்குள் மறைந்திருக்கும். கூலி வேலைக்கும் தோணிக்கும் வயலுக்கும் போகிறவருக்குக் கால்தான் மூலதனம். ஆகவே "சுளுக்குத்தானே" என்று விட்டுவிடாதீர்கள்.

1. கணுக்காலில் என்ன நடக்கிறது?

எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கும் உறுதியான நார்கள் கணுக்காலைச் சுற்றி இருக்கின்றன. வைத்தியர்கள் இவற்றை இணைநார் என்பார்கள். "சவ்வு கிழிந்துவிட்டது" என்று நாம் பேச்சில் சொல்வதும் இதைத்தான்.

கணுக்காலின் வெளிப்பக்கத்தில் மூன்று இணைநார்கள் உள்ளன. பாதம் உட்பக்கமாக மடிந்து பிரளும்போது இவைதான் இழுபடும். மூன்றிலும் முன்னால் இருப்பது நலிவானது. பெரும்பாலும் முதலில் கிழிவதும் அதுவே. அதனால்தான் நோவும் வீக்கமும் வெளிக்குமிழுக்குச் சற்று முன்னும் கீழுமாகத் தொடங்குகின்றன.

காயத்தை மூன்று படிகளாகப் பிரிப்பார்கள்.

முதலாம் படி: நார் இழுபட்டிருக்கும், கிழிந்திராது. நொண்டியாவது நடக்கலாம். பெரும்பாலும் 1 முதல் 3 கிழமைகளில் சரியாகும்.

இரண்டாம் படி: நார் பாதி கிழிந்திருக்கும். வீக்கமும் கண்டலும் தெரியும், நடக்க நோகும். 3 முதல் 6 கிழமைகள் எடுக்கும்.

மூன்றாம் படி: நார் முழுதாக அறுந்திருக்கும். காலை ஊன்ற முடியாது, மூட்டு தளர்ந்திருக்கும். 3 மாதம் வரை எடுக்கலாம்.

2. சுளுக்கா, முறிவா?

கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992இல் வெளியிட்ட எளிய விதிகளை இன்று உலகெங்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படுத்துகிறார்கள். யாருக்கு எக்ஸ்ரே தேவை என்று முடிவு செய்ய உதவும் விதிகள் இவை. பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வைத்தியசாலைக்குப் போங்கள்.

- அடிபட்ட உடனேயும், பின்னர் பரிசோதிக்கும்போதும், நான்கு அடி எடுத்து வைக்க முடியாமை. நொண்டி நடந்தாலும் நடந்ததாகவே கொள்ளலாம்.
- வெளிக்குமிழின் பின் ஓரத்தில், கடைசி 6 சென்ரிமீற்றரில் எலும்பை அழுத்தும்போது நோவு.
- உட்குமிழின் பின் ஓரத்தில் அதே அளவு பகுதியை அழுத்தும்போது நோவு.
- பாதத்தின் வெளி ஓரத்தில், சின்னவிரலுக்கும் குதிக்கும் நடுவே துருத்தி நிற்கும் எலும்பை அழுத்தும்போது நோவு.
- பாதத்தின் உட்பக்க வளைவின் மேல், உட்குமிழுக்கு முன்னால் இருக்கும் எலும்பை அழுத்தும்போது நோவு.

6 சென்ரிமீற்றர் என்பது குமிழின் நுனியிலிருந்து மேல்நோக்கி ஏறக்குறைய மூன்று, நான்கு விரல் அகலம். ஒரு விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். குமிழுக்கு முன்னால் உள்ள மென்மையான இடம் நொந்தால் அது பெரும்பாலும் நார்க்காயம். எலும்பின் மேலேயே நொந்தால் முறிவைச் சந்தேகியுங்கள்.

பின்வருவோருக்கு இவ்விதிகளை மட்டும் நம்பி வீட்டில் இருக்க வேண்டாம். நேரே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

- சிறுபிள்ளைகள். வளரும் வயதில் நாரைவிட எலும்பின் வளர்ச்சிப் பகுதி நலிவானது.
- சலரோகம் காரணமாகப் பாதம் விறைத்திருப்பவர்கள். முறிந்திருந்தாலும் அவர்களுக்கு நோவு தெரியாமல் போகலாம்.
- கால் கோணிக் கிடப்பவர்கள், தோல் கிழிந்தவர்கள், விரல்கள் குளிர்ந்து வெளிறியவர்கள்.
- குதிக்கு மேலே பின்பக்கத்தில் "டக்" என்று அறுந்தது போல உணர்ந்தவர்கள். இது குதிநாண் அறுந்ததாக இருக்கலாம்.
- கெண்டைக்காலை இருபுறமும் அழுத்தும்போது கணுக்காலுக்கு மேலே நோகிறவர்கள். இது சாதாரண சுளுக்கு அல்ல. இரண்டு கால் எலும்புகளையும் இணைக்கும் நார் கிழிந்திருக்கலாம்.

அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையிலோ மூதூர், கிண்ணியா, கந்தளாய் தள வைத்தியசாலைகளிலோ திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ காட்டலாம். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். நோயாளியை நகர்த்த முடியாவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள், அதுவும் இலவசமே. அதுவரை காலை நேராக்க முயல வேண்டாம். தலையணையையோ தடித்த மட்டையையோ இருபுறமும் வைத்து அசையாமல் கட்டுங்கள்.

முக்கிய எச்சரிக்கை: கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதி செய்யப்படாத இடத்தில் ஒருவர் விழுந்து கிடந்தால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். அவரை அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். நீங்களும் வந்த வழியிலேயே திரும்பி, பொலிசாருக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ அறிவியுங்கள்.

3. முதல் மூன்று நாட்கள்

முறிவுக்கான அடையாளம் இல்லையென்றால் வீட்டில் இவற்றைச் செய்யுங்கள்.

குளிர்: ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை செய்யலாம். மீனுக்குப் போடும் ஐஸும் போதும். வெறும் தோலில் வைக்காதீர்கள். ஐஸ் கிடைக்காவிட்டால் கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துணி உதவும்.

கட்டு: கிரேப் பண்டேஜை விரல் அடியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். விரல்கள் விறைத்தாலோ நீலம் பாரித்தாலோ உடனே தளர்த்துங்கள். நித்திரைக்குப் போகும்போது கழற்றி வையுங்கள்.

உயர்த்தல்: படுக்கும்போது காலைத் தலையணையின் மேல், நெஞ்சு மட்டத்துக்கு மேலாக வையுங்கள்.

நோவுக்கு: பெரியவர்கள் பரசிற்றமோல் 500 மில்லிகிராம் குளிசை இரண்டை 6 மணித்தியால இடைவெளியில் எடுக்கலாம், 24 மணித்தியாலத்தில் 8 குளிசைகளைத் தாண்டக்கூடாது. ஈரல் நோய் உள்ளவர்களும் உடல் எடை குறைந்தவர்களும் அளவை வைத்தியரிடம் கேட்டு எடுங்கள். ஐபுபுரோபன், டைக்குளோபெனக் போன்றவற்றை வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். காய்ச்சலும் இருந்தால் டெங்கு இருக்கக்கூடும். அப்போது இவற்றை அறவே தவிருங்கள்.

இந்த நாட்களில் செய்யக்கூடாதவை: சூடு வைத்தல், உருவுதல், சுளுக்கு எடுப்பதாகக் காலை இழுத்தல், மதுபானம். கிழிந்த நாரை உருவினால் உள்ளே இரத்தக் கசிவு கூடும். முறிவு நெரிவு வைத்தியரிடம் போக விரும்புகிறவர்கள், எலும்பு முறியவில்லை என்று உறுதி செய்த பின் போங்கள். எக்ஸ்ரே படத்தையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

4. கட்டி வைப்பதா, நடப்பதா?

பலர் தவறுவது இங்கேதான். "அசைக்காமல் வைத்தால்தான் பொருந்தும்" என்பது முறிந்த எலும்புக்குப் பொருந்தும். நார்க்காயத்துக்கு நீண்ட நாள் அசைவின்மை தீங்கு. மூட்டு இறுகும், தசை மெலியும். மூன்றாம் படிக் காயத்துக்குக்கூட, வைத்தியர் சில நாட்கள், அதிகமாக 10 நாள் அளவு அசையாமல் வைத்துவிட்டு, பின்னர் கணுக்கால் பட்டி அணிந்து நடக்கவே சொல்வார்.

மூன்றாம் நாளிலிருந்து, தாங்கக்கூடிய அளவுக்குக் காலை ஊன்றி நடக்கத் தொடங்குங்கள். தேவையானால் தடியொன்றைப் பிடியுங்கள். வலது கால் நொந்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். பாரம் தூக்குவதையும் மேடு பள்ளத்தில் நடப்பதையும் தள்ளிப் போடுங்கள்.

காயம் கடுமையாக இருந்தால் நான்காம், ஐந்தாம் நாளில் திரும்பவும் வைத்தியரிடம் காட்டுவது நல்லது. முதல் நாள் வீக்கத்தால் மூட்டின் தளர்வைச் சரியாகப் பார்க்க முடியாது. வீக்கம் சற்று வற்றிய பின், குதியைப் பிடித்து முன்னே இழுத்துப் பார்த்து நார் அறுந்திருக்கிறதா என்று அறிவார்.

5. ஆறு கிழமைப் பயிற்சி

முதலாம் கிழமை: கதிரையில் அமர்ந்து, பெருவிரலால் காற்றில் அ முதல் ஃ வரை எழுதுங்கள். நாளுக்கு மூன்று தடவை செய்யுங்கள்.

இரண்டாம், மூன்றாம் கிழமை: பழைய சைக்கிள் ரியூப் துண்டை மேசைக் காலில் கட்டி, பாதத்தை அதற்குள் மாட்டி, வெளிப்பக்கமாக மெதுவாக இழுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதியை உயர்த்தி இறக்குங்கள். ஒவ்வொன்றும் 10 தடவை, மூன்று சுற்று.

நான்காம் கிழமை முதல்: சுவருக்கு அருகில் ஒற்றைக் காலில் 30 செக்கன் நில்லுங்கள். முடிந்தால் கண்ணை மூடியும், பின்னர் மடித்த சாக்கின் மேல் ஏறியும் நில்லுங்கள். பல் துலக்கும் நேரத்தில் பழகினால் மறக்காது.

இந்தக் கடைசிப் பயிற்சியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். கால் பிரளப் போகிறது என்று மூளைக்கு அறிவிக்கும் நரம்பு நுனிகள் இணைநாரிலும் மூட்டிலும் இருக்கின்றன. காயத்தோடு அந்த உணர்வும் மழுங்குகிறது. 1965இல் இங்கிலாந்தில் பிரீமன் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவரது சகாக்களும், சமநிலைப் பயிற்சி செய்தவர்களுக்குக் கால் நழுவுவது குறைவதைக் காட்டினார்கள். வீக்கமும் நோவும் போன பின்னரும் பயிற்சி தேவைப்படுவது இதனால்தான்.

வேலைக்குத் திரும்ப முன் பாருங்கள்: அந்தக் காலில் மட்டும் ஐந்து தடவை துள்ள முடிகிறதா? சரிவில் நோவின்றி இறங்க முடிகிறதா? முடிந்தால் போகலாம். முதல் சில மாதங்களுக்குக் கணுக்கால் பட்டி அணியுங்கள். தளர்ந்த செருப்பையும் அளவு பெரிய கம்பூற்ஸையும் தவிருங்கள். இரவில் வெளியே போக ரோர்ச் லைற் எடுத்துச் செல்லுங்கள்.

6. கால் திரும்பத் திரும்பப் பிரண்டால்

காயப்பட்டுப் பல மாதங்களின் பின்னும் கால் அடிக்கடி பிரண்டால், சம நிலத்திலும் நழுவுவது போல் இருந்தால், மேடு பள்ளத்தில் நடக்கப் பயமாக இருந்தால், அது நாட்பட்ட கணுக்கால் தளர்வு. இப்படியே விட்டால் பல வருடங்களில் மூட்டுக் குருத்தெலும்பு தேய்ந்து மூட்டுவாதம் வரலாம்.

வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள். தேவைக்கேற்ப என்பு முறிவு கிளினிக்குக்கும் பிசியோதெரபி பிரிவுக்கும் அனுப்புவார்கள். எத்தனை தடவை பிரண்டது, எந்த வேலையில் பிரண்டது என்று எழுதிக்கொண்டு போங்கள். இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எக்ஸ்ரேயும், சிலருக்கு எம்.ஆர்.ஐ. படமும் தேவைப்படலாம்.

முதல் சிகிச்சை அப்போதும் பயிற்சிதான்: மூன்று மாதம் அளவு, ஒழுங்காக. பலருக்கு இதுவே போதும். அதற்கும் சரிவராதவர்களுக்குச் சத்திரசிகிச்சை உண்டு. சுவீடன் நாட்டின் புரோஸ்ட்ரோம் என்ற வைத்தியர் 1966இல் விவரித்த முறையே இன்றும் பெரிதும் பயன்படுகிறது: தளர்ந்த நாரை இறுக்கி எலும்போடு மீண்டும் தைப்பது. அதன் பின்னும் சில கிழமை ஓய்வும் பல கிழமைப் பயிற்சியும் வேண்டும்.

முதலில் சொன்ன அந்தத் தாய் இப்போது பிசியோதெரபிக்குப் போகிறார். வயலுக்குப் போகும் நாளில் பட்டி அணிகிறார். "முதலே தெரிஞ்சிருந்தா ஆறு கிழமையோட முடிஞ்சிருக்கும்" என்றார்.

நினைவில் வைத்திருங்கள்

- நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ எலும்பின் மேல் நொந்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.
- முதல் மூன்று நாள்: குளிர், கட்டு, உயர்த்தல். உருவக்கூடாது.
- மூன்றாம் நாளிலிருந்து மெல்ல மெல்ல ஊன்றி நடக்க வேண்டும்.
- நோவு போனாலும் ஆறு கிழமைப் பயிற்சியை முடிக்க வேண்டும்.
- கால் திரும்பவும் பிரண்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். பழகிப்போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள்.