சிவப்பு மை இல்லாத வகுப்பு

எங்கள் பள்ளியில் புதிதாகச் சேரும் ஆசிரியர்களிடம் முதலில் சொல்வது, சிவப்புப் பேனாவைக் கைப்பையிலேயே வைத்துவிடுங்கள் என்பதைத்தான். பிள்ளையின் மனம் நோகும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் உண்டு. பிழையின் மேல் பெருக்கல் குறி போட்டவுடன் நம் வேலை முடிந்ததாக நினைத்து அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அந்தப் பிழை ஏன் அப்படி வந்தது என்று பார்ப்பதே இல்லை.

சென்னையில், கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றில் பல வருடங்களாகச் சிறப்பாசிரியராக இருக்கிறேன். டிஸ்லெக்ஸியா, எழுதுவதில் சிக்கல், கணக்கில் சிக்கல் என்று அசெஸ்மென்ட் அறிக்கையோடு பிள்ளைகள் வருவார்கள். அறிக்கை தேவைதான். ஆனால் நாளைக் காலை எங்கிருந்து தொடங்குவது என்பதை எனக்குச் சொல்வது அவர்களுடைய பழைய டிக்டேஷன் நோட்டு.

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன். 'பந்து' என்றால் 'பது' என்று எழுதுவான். 'சங்கு', 'சகு' ஆகிவிடும். 'தம்பி', 'தபி' ஆகிவிடும். ஒவ்வொன்றையும் பத்துப் பத்துத் தடவை எழுத வைத்திருந்தார்கள். பத்தையும் அழகாகவே எழுதியிருந்தான். மறுநாள் டிக்டேஷனில் மறுபடி 'பது'. மூன்று சொற்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விஷயம் பிடிபட்டுவிடும். அவன் கண்ட எழுத்தையெல்லாம் விடவில்லை. வல்லினத்துக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் மெல்லின மெய்யை மட்டும் விடுகிறான். அந்த மூக்கொலி அவன் காதில் தனி ஒலியாக விழவே இல்லை. காதில் விழாததை எத்தனை தடவை எழுத வைத்தாலும் கைதான் வலிக்கும்.

நோட்டை மூடி வைத்தோம். மூக்கைப் பிடித்துக்கொண்டு 'பந்து' என்று சொல்லச் சொன்னேன். நடுவில் அடைத்துக்கொண்டது, சிரித்துவிட்டான். இப்போது மூக்கை விட்டுவிட்டு, அதன் மேல் விரலை லேசாக வைத்து, 'பந்ந்ந்து' என்று இழுக்கச் சொன்னேன். "மிஸ், உள்ள ஏதோ அதிருது" என்றான். "அதுதான் கண்ணா நீ விட்ட எழுத்து" என்றேன். பிறகு புளியங்கொட்டை. ஓர் எழுத்துக்கு ஒரு கொட்டை. ப, ந், து. நடுக் கொட்டையை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொன்னால் 'பது' என்றுதான் வரும், திரும்ப வைத்தால் 'பந்து'. சில நாள் எழுத்தே கிடையாது, கொட்டை மட்டும்தான். அது கைவந்த பிறகு கொட்டை இருந்த இடத்தில் எழுத்து அட்டை, அதன் பிறகு ரவை பரப்பிய தட்டில் விரலால் எழுதுவது, கடைசியாகத்தான் பென்சில்.

பார்ப்பது, கேட்பது, சொல்வது, எழுதுவது எல்லாவற்றையும் சேர்த்தே பயிற்றுவிக்கும் இந்த முறையை 1930களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் வகுத்தார்கள். அது ஆங்கிலத்துக்காகப் பிறந்தது. அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் போதாது, ஏனென்றால் பிள்ளைகள் இடறும் இடம் வேறு. ஆங்கிலத்தில் பி-யும் டி-யும் இடம் மாறும், ஒரே எழுத்து பல ஒலி தரும். தமிழில் 'கொடி'யை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் முதலில் க் சொல்கிறது, பிறகு ஒ. கையோ முதலில் கொம்பு போட வேண்டும், பிறகு க, பிறகு கால். வாய்க்கும் கைக்கும் வரிசையே வேறு. அதனால்தான் பல பிள்ளைகள் காலை மறந்து 'கெடி' என்று எழுதுகிறார்கள். கொம்பு, க, கால் என மூன்றையும் தனித்தனி அட்டையில், குறியீடுகளை மட்டும் வேறு நிறத்தில் கொடுத்து அடுக்கச் சொல்வோம். 'பட்டம்' 'படம்' ஆகிவிட்டால், இரட்டிக்கும் இடத்தில் ஒரு கைதட்டு.

ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ல, ள, ழ மூன்றும் குழம்புவதை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்கு டிஸ்லெக்ஸியா என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் பிள்ளையின் வீட்டிலும் தெருவிலும் மூன்றையும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். கேட்டதைத்தான் எழுதுகிறது.

கணக்கிலும் இதே கதைதான். முப்பத்தாறு எழுதச் சொன்னால் 306 என்று எழுதும் பிள்ளை, முப்பதை எழுதிப் பக்கத்திலேயே ஆறையும் எழுதியிருக்கிறது. அதற்கு ஒலி தெரிகிறது, இடமதிப்பு தெரியவில்லை. தொண்ணூறுக்கு 100 போட்டால், அதற்குள் இருக்கும் நூறு காதில் விழுந்திருக்கிறது. இதற்கு ஈர்க்குச்சிதான் எங்கள் கருவி. பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஒன்பது கட்டை ஒரு பக்கம், பத்துக் கட்டை ஒரு பக்கம் வைத்துக் கையால் தூக்கிப் பார்க்கச் சொல்வோம். கட்டைப் பிரிக்காமல் கடன் வாங்கிக் கழிக்க முடியாது என்பது கையில் இருக்கும்போது விளங்கிவிடுகிறது. வாய்ப்பாடு மனப்பாடம் ஆகாத பிள்ளைக்கு அதை மேசையில் ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். வகுத்தலின் வழிமுறையைக் கற்க வந்த பிள்ளையை ஏழாம் வாய்ப்பாட்டு வாசலிலேயே நிறுத்தி வைப்பதில் எந்த நியாயமும் இல்லை.

வகுப்பில் செய்யக்கூடிய சின்ன மாற்றங்கள் இன்னும் உண்டு. "நோட்டை எடு, தேதி போடு, 42ஆம் பக்கம் திற, மூன்றாவது கேள்வியைப் பார்" என்று ஒரே மூச்சில் சொன்னால் இரண்டாவதோடு சரி, மற்றது நினைவில் நிற்காது. ஒன்று சொல்லி, அது முடிந்ததும் அடுத்தது. கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது ஒவ்வொரு தடவையும் வரி தொலைந்துபோகும், ஜெராக்ஸ் கொடுத்துவிடலாம். படிக்கும்போது ஒரு வரி மட்டும் தெரியும்படி நடுவில் வெட்டிய அட்டை. எல்லார் முன்னாலும் எழுந்து நின்று படிக்க வைக்கவே வேண்டாம்.

அம்மாக்கள் என்னிடம் அதிகம் சொல்லும் வாக்கியம், "வாயால கேட்டா எல்லாம் சொல்றான் மிஸ், எழுதச் சொன்னா ஒண்ணும் வரலை" என்பது. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், படிக்கவே வராத 14 வயதுப் பையனைப் பற்றி மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். பாடம் முழுக்க வாய்மொழியாக இருந்தால் இவன்தான் பள்ளியிலேயே கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் பதிவு செய்திருக்கிறார். இத்தனை காலம் கழித்தும் அதே வார்த்தையைக் கேட்கிறேன். ஆகவே வீட்டில் பாடத்தையும் வாசிப்புப் பயிற்சியையும் பிரித்துவிடுங்கள். அறிவியலும் சமூக அறிவியலும் நீங்கள் படித்துக் காட்டுங்கள், அவன் கேட்டுப் பதில் சொல்லட்டும். வாசிப்புப் பயிற்சி அதற்கென்று தனியாகப் பதினைந்து நிமிடம், தினமும், அவன் தடுமாறாமல் படிக்கக்கூடிய நிலைப் புத்தகத்தில். வயசுக்கேற்ற பாடத்தில் வாசிப்புப் பயிற்சி கொடுக்கப்போனால் பாடமும் போகும், வாசிப்பும் போகும். ராத்திரி ஒன்பது மணி வரை டியூஷனில் உட்கார வைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பகல் முழுக்க மற்ற பிள்ளைகளைவிடக் கூடுதலாக உழைத்துவிட்டு வந்த பிள்ளை அது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், கற்றல் குறைபாட்டையும் தன் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதற்கு முன்பிருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் கற்றல் குறைபாட்டுக்கு இடமே இல்லை. முறையான சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் கேட்கலாம். சான்றிதழ் வாங்கினால் பெயர் கெட்டுவிடும் என்று பத்தாம் வகுப்பு வரை தள்ளிப்போட்டு, விண்ணப்பத் தேதி நெருங்கும்போது ஓடிவருபவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். ஆள் கிடைத்தால் மட்டும் போதாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பதிலை மனதுக்குள் வரிசைப்படுத்தி, எழுதுபவரின் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்லி, எழுதியதைத் திரும்பப் படிக்கக் கேட்டுத் திருத்தச் சொல்ல வேண்டும். அறிமுகமில்லாத ஒருவரிடம் இதைக் கூச்சமில்லாமல் செய்யப் பழக வேண்டும். எட்டாம் வகுப்பு முடிந்ததுமே மாதத் தேர்வுகளில் இதைத் தொடங்கிவிடுகிறோம், எழுதுபவராக ஒவ்வொரு தடவையும் புது ஆளை உட்கார வைத்து.