சாமான் மாற்றும் முன்: எம்டிபி ஓட்டப் புறப்படும் தம்பி தங்கைகளுக்கு

வாரம் முழுக்க ஆபீஸ், ஞாயிறு காலை மலை. இரண்டுக்கும் ஒரே சைக்கிள். கோயம்புத்தூர்ப் பக்கம் எம்டிபி (மவுன்டன் பைக்) வாங்குகிற பிள்ளைகளில் பலரின் திட்டம் இதுதான். நல்ல திட்டம். வாங்கிய மூன்றாம் மாதம் ஆசை வரும்: ஃபோர்க்கை மாற்றலாமா, கியரைக் கூட்டலாமா, ரிம்மைக் கறுப்பாக்கலாமா? கைக்காசு அங்கேதான் கரைகிறது. காசை எந்த வரிசையில் இறக்குவது என்பதைச் சொல்லவே இது.

1. உடம்புக்குச் சேராத சைக்கிளில் எந்தச் சாமானை மாட்டியும் பயனில்லை. ஃப்ரேமைத் தவிர எல்லாவற்றையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், அளவை வாங்கும்போதே பாருங்கள். சைக்கிளின் இருபுறமும் கால் ஊன்றி நின்றால் மேல் குழாய்க்கும் உங்களுக்கும் இடையே இரண்டு அங்குலமாவது இருக்கவேண்டும். பெடலைக் கீழே இறக்கி, குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் நேராகும் உயரமே சீட்டின் உயரம். மிதிக்கும்போது முன்பாதம்தான் பெடலில் இருக்கும், அப்போது முழங்கால் லேசாக மடங்கும். முழங்கால் வலி என்று வருகிறவர்களில் பலருக்கு மருந்து வேண்டாம், சீட்டை ஏற்றிவிட்டாலே போதும். சீட் கம்பியில் ஒரு கோடு இருக்கும், அதைத் தாண்டி வெளியே இழுக்காதீர்கள்.

2. முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் வைத்த மலிவுச் சைக்கிள் வேண்டாம். அந்தப் பின் ஸ்பிரிங் உங்கள் மிதியைத் தின்னும், எடையைக் கூட்டும், அதன் மூட்டுகள் ஒரு மழைக்காலத்தில் கிறீச்சிட ஆரம்பிக்கும். அதே விலைக்கு முன்னால் மட்டும் ஃபோர்க் உள்ளதை வாங்கினால் நல்ல பிரேக்கும் நல்ல ஹப்பும் கிடைக்கும்.

3. முதல் காசு டயருக்கு. சைக்கிள் தரையைத் தொடுவது அங்கே மட்டும்தான். கடையில் வரும் முரட்டுப் பல் டயர் அவிநாசி ரோட்டுத் தாரில் தேனீப்போல இரைந்துகொண்டே போகும். அந்த இரைச்சல் முழுக்க உங்கள் கால் உழைப்பு. ஆபீஸ் நாள்தான் அதிகம் என்றால் 1.5 முதல் 1.75 அங்குல வழவழப்பு டயரைப் போடுங்கள். பாதிக்குப் பாதி என்றால், நடுவில் தொடர்ந்து ஓடும் வரியும் ஓரங்களில் பல்லும் உள்ள டயர் இருக்கிறது. நம் செம்மண் தடங்களுக்கு அது தாராளம். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசலில் மழைக்குப்பின் இறங்குகிறவர்களுக்கு மட்டும்தான் பல் தள்ளித் தள்ளி நிற்கும் டயர் வேண்டும். நெருக்கமான பல்லில் அந்த மண் அப்பிக்கொண்டால் சக்கரம் ஃபோர்க்கில் சிக்கி நின்றுவிடும்.

டயர் வாங்கப் போகும்போது 26, 27.5, 29 என்று வாயால் சொல்லி வாங்காதீர்கள். பழைய டயரின் பக்கவாட்டில் 54-584 மாதிரி ஓர் எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். எம்டிபியில் 26-க்கு 559, 27.5-க்கு 584, 29-க்கு 622. இந்த இரண்டாவது எண் பொருந்தினால்தான் டயர் உட்காரும்.

காற்று அதைவிட முக்கியம். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டு, மீட்டர் வைத்த பம்ப் ஒன்று வாங்குங்கள். டியூப் போட்ட இரண்டு அங்குல டயருக்கு, சராசரி எடை உள்ளவர் என்றால், மண் தடத்தில் 30-லிருந்து 35 பிஎஸ்ஐ, தாரில் 45-லிருந்து 50. டயரில் அச்சிட்ட உச்ச அளவை மட்டும் மீறக்கூடாது. டியூபைக் கழற்றினால் ஓட்டையே விஷயத்தைச் சொல்லும். பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால், காற்றுப் போதாமல் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது. ஒரே ஊசி ஓட்டை என்றால் முள். அப்போது டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள், முள் நுனி துணியில் மாட்டும். அதைப் பிடுங்காமல் பேட்ச் ஒட்டினால், வீடு சேர்வதற்குள் மறுபடி பஞ்சர். சீமைக்கருவேலம் மண்டிய குளத்தங்கரைகளில் ஓட்டுகிறவர்களுக்கு ட்யூப்லெஸ் நல்லது. ஆனால் ரிம்மும் டயரும் அதற்கென்றே செய்தவையாக இருக்கவேண்டும், ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் பாலும் நம் வெயிலில் சில மாதத்தில் காய்ந்துவிடும், மறக்காமல் ஊற்றவேண்டும். மறதிக்காரர்களுக்கு டியூபே நல்லது.

4. அடுத்தது பிரேக். 1976-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மெரின் கவுன்டி மலைச்சரிவில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் ரீபேக் என்ற பந்தயம் தொடங்கினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். இறங்கி முடிப்பதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும், ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்கவேண்டும். எம்டிபி பிறந்ததே பிரேக் சூட்டில்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ, ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் 40 வளைவுகளையோ இறங்கினவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கேபிள் டிஸ்க் பிரேக் இருந்தால் உடனே ஹைட்ராலிக்குக்குத் தாவாதீர்கள். நல்ல பேட், புதுக் கேபிள், உறை ஆகியவற்றை மாற்றிப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் முன் டிஸ்க்கை 160-லிருந்து 180 மில்லிமீட்டராக்கலாம், உங்கள் ஃபோர்க் அதை ஏற்குமா என்று பார்த்துக்கொண்டு. வி-பிரேக் சைக்கிளை டிஸ்க்காக்கக் கேட்பவர்களுக்கு: ஃப்ரேமிலும் ஃபோர்க்கிலும் காலிப்பர் மாட்டும் இடம் இல்லை, ஹப்பிலும் டிஸ்க் ஏறாது என்றால் அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். நல்ல ரப்பர்க் கட்டை போட்ட வி-பிரேக் நகரத்துக்குத் தாராளமாகப் போதும்.

ஹைட்ராலிக் வாங்கினால் ஒன்றை மனத்தில் வையுங்கள். ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராம் பிரேக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு டாட் திரவம். எது என்று லீவரிலேயே எழுதியிருக்கும். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் கெட்டு, பிரேக் மொத்தமும் போய்விடும். செயினுக்கு எண்ணெய் விட்ட கையால் டிஸ்க்கைத் தொடாதீர்கள்.

5. பெடல், கிரிப், சீட் மூன்றும் அதிகச் செலவில்லாமல் சுகம் தருபவை. பிளாஸ்டிக் பெடல் மழையில் வழுக்கும்; ஊசி முனைகள் உள்ள அகலமான அலுமினியப் பெடல் போடுங்கள். இடது பெடலுக்கு இடது மரை, எதிர்த்திசையில் திருகவேண்டும். இதை அறியாமல் கிராங்க்கின் மரையைத் தின்றவர்கள் ஊருக்கு நாலு பேர். சீட்டில் ஜெல் உறை மாட்டாதீர்கள், தொடை உரசும். உட்காரும் எலும்பின் அகலத்துக்குச் சரியான சீட்டாகப் பாருங்கள்.

6. செயினை அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்தால், 12 அங்குலக் கோடு, அதற்கு அடுத்த பின்னிலிருந்து எண்ணினால், இருபத்து நாலாவது பின்னின் நடுவில் நிற்கவேண்டும். அந்தப் பின் கோட்டைத் தாண்டி 1/16 அங்குலம் போயிருந்தால் செயினை மட்டும் மாற்றுங்கள். 1/8 போயிருந்தால் பின் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயின் அதன்மேல் தாவும். இரண்டையும் மாற்றியாக வேண்டும். முதல் செலவு சில நூறு, இரண்டாவது சில ஆயிரம். எண்ணெய் விட்டபின் வெளியே இருப்பதைத் துடைத்து எடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பது உழைக்கும், வெளியே இருப்பது மண்ணைச் சேர்த்து அரைக்கும்.

7. கியர். “அண்ணா, 21 ஸ்பீடை 30 ஆக்கணும்” என்று வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்த ஏற்றத்தில் மூச்சு முட்டுகிறது? மருதமலை ஏற்றத்தில் கியர் போதவில்லை என்றால் பிரச்சினை எண்ணிக்கையில் இல்லை. முன்னால் 22 பல், பின்னால் 34 பல் இருந்தால் ஒரு மிதிக்குச் சக்கரம் முக்கால் சுற்றுகூடச் சுற்றாது. அதில் யாரும் ஏறலாம். 28-லேயே நிற்கும் பின் பல்சக்கரத்தை 34-க்கு மாற்றுவது பத்து ஸ்பீடுக்குப் போவதைவிடச் சல்லிசு. செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் டிரெய்லர் அந்தப் பெரிய பல்லைத் தாங்குமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்பீடைக் கூட்டித்தான் தீருவேன் என்றால், பின் சக்கரத்தைக் கழற்றி ஒரு சோதனை. பல்லைப் பின்னோக்கிச் சுழற்றுங்கள். டூல் மாட்டும் நடு வளையமும் கூடவே சுழன்றால் அது கேசட். வளையம் அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். ஃப்ரீவீலாக இருந்தால் ஹப்பே மாறவேண்டும், அதாவது கிட்டத்தட்டப் புதுப் பின் சக்கரம். எட்டு, ஒன்பது ஸ்பீடு ஃப்ரீவீலும் விற்கிறார்கள். ஆனால் அதில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளியிருப்பதால் அச்சு சுமை தாங்காமல் வளையும், பாரம் அதிகம் உள்ளவர்கள் தொடவே வேண்டாம். கேசட் ஹப்பாக இருந்தாலும் ஷிஃப்டர், செயின், கேசட் ஒன்றாக மாறும். ஷிமானோவில் ஒன்பது ஸ்பீடு எம்டிபி டிரெய்லர் எட்டு ஸ்பீடு ஷிஃப்டரோடு சேரும். பத்து ஸ்பீடு எம்டிபி டிரெய்லர் ஒன்பது ஸ்பீடு ஷிஃப்டரோடு சேராது, கேபிள் இழுப்பின் அளவு வேறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆளுக்கொரு கடையில் ஒவ்வொன்றாக வாங்காதீர்கள்.

8. ஃபோர்க் கடைசி. ஆசை மட்டும் முதலில் வருவது இதற்குத்தான். 100 மில்லிமீட்டருக்குச் செய்த ஃப்ரேமில் 140 மாட்டினால் முன்பக்கம் தூக்கி, தலைக்கோணம் ஏறக்குறைய இரண்டு டிகிரி சாயும். ஏற்றத்தில் சக்கரம் அலைபாயும், ஃப்ரேமின் கழுத்துக்கும் கேடு. கழுத்துக்குழாய் நேரானதா, கீழே அகன்றதா என்று பாருங்கள். நேரானதில் அகன்ற தண்டு உள்ள ஃபோர்க் பொதுவாக நுழையாது. காற்று ஃபோர்க் வாங்கினால், நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் மொத்த ஓட்டத்தில் கால்வாசி அமுங்கும்படி காற்றை வையுங்கள். ஆபீஸுக்கு மட்டும் ஓட்டுகிறவருக்கு ஃபோர்க்கே வேண்டாம், ஸ்பிரிங் இல்லாத கம்பி ஃபோர்க் இலகு.

9. மட்கார்டு, பின் சிவப்பு லைட், பெல். அழகு கெடும் என்று கழற்றி வைக்கிறார்கள். ஐப்பசி மழையில் முதுகு முழுக்கச் சேறோடு ஆபீஸில் உட்காருவது அழகா?

10. பையில் 4, 5, 6 எம்எம் ஆலன் கீ, ஒரு டியூப், பம்ப், உங்கள் ஃப்ரேமுக்கு உரிய டிரெய்லர் ஹேங்கர். கீழே விழுந்தால் முதலில் வளைவது ஹேங்கர்தான், அது ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வேறு. ஊர்க் கடையில் கிடைக்காது. காப்புக்காட்டுத் தடம் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் சக்கரத்தை வைக்காதீர்கள். யானை முன்னால் எந்த பிரேக்கும் உதவாது.

11. எதையும் வாங்கும் முன் ஒரு தாளில் கணக்கு எழுதுங்கள்: சாமான், அதற்கு வேண்டிய துணைச் சாமான், மாட்டுக்கூலி. தேய்ந்துபோனதற்கு மாற்றாக வாங்குவதை இதில் சேர்க்காதீர்கள், அது பராமரிப்பு. மீதிக் கூட்டல் சைக்கிள் விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். இருப்பதற்கு வழவழப்பு டயரும் கேரியரும் போட்டு ஆபீஸுக்கு வைத்துக்கொண்டு, மலைக்கென்று நல்ல ஃப்ரேமாகப் பழசில் ஒன்று தேடுங்கள். தேடப் போகும்போது அந்த ஸ்டீல் ஸ்கேலையும் எடுத்துப் போங்கள்.