தீவிலிருந்து மரபணு ஆய்வுக்கு

கேள்வி: மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். மனநோய்க்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பை ஆராயவேணுமாம். நடக்கிற காரியமோ? — வாசகி, வேலணை

பதில்: நடக்கும், அம்மா. மருத்துவமோ மூலக்கூற்று உயிரியலோ படிக்கட்டும். புள்ளிவிவரவியலைக் கைவிடவேண்டாம், இத்துறையில் பெரும்பங்கு வேலை கணினியில்தான். சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தின் மருத்துவர் தாராவும் குயின்ஸ்லாந்தின் பிரையன் மௌறியும் தென்னிந்தியரிடையே மனச்சிதைவு நோயைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். 2019இல் சதீஷ் பெரியசாமியை முதலாசிரியராகக் கொண்டு வெளியான அவர்களது கட்டுரை, நியாசின் வளர்சிதைமாற்றத்தோடு தொடர்புள்ள ஒரு மரபணுவைச் சுட்டியது. உலகத் தரவுகளில் ஐரோப்பிய வம்சத்தவரே மிகுதி. எங்கள் சனம் மிகக் குறைவு. அதனாலேயே உங்கள் மகள் போன்றவர்கள் வேணும். ஒற்றை மரபணு இந்நோயைத் தீர்மானிப்பதில்லை; சிறுசிறு பங்குள்ளவை ஏராளம். பரம்பரை என்று சொல்லிக் கலியாணத்தைக் குழப்புவோருக்கு அதை அவள் விளக்கட்டும். யாழ்ப்பாணத்தில் போர்க்கால மனக்காயங்களை எழுதிய தயா சோமசுந்தரத்தையும் இப்போதே வாசிக்கக் கொடுங்கள்.