கடைசி பெஞ்சுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

வகுப்பில் வாய் திறந்தால் எல்லாரும் சிரிப்பார்கள் என்ற பயம் வருஷக்கணக்காகியும் போகவில்லை என்று எழுதியிருந்தாய். 2000-இல் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கூச்சம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டுடன் மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அங்கிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்தது ஏறக்குறைய கால்வாசிப்பேர். நம்மேல் படும் கண்களை நாம் கூட்டியே எண்ணுகிறோம். அதற்காக, யாருமே பார்ப்பதில்லை என்று உனக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். கால்வாசிப்பேர் பார்க்கத்தான் செய்தார்கள்.

இந்தத் தப்புக் கணக்கு ஏன் திருந்துவதில்லை? கடைசி பெஞ்சில் உட்கார்கிறாய், கேள்வி வரும்போது தலையைக் குனிந்துகொள்கிறாய். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் மனம் அந்தப் பெருமையைக் குனிந்த தலைக்குக் கொடுத்துவிடுகிறது. நிமிர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தெரியாமலே போகிறது. டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995-இல் சமூகப் பயத்தை விளக்கியபோது, இப்படி ஒளிந்துகொள்ளும் பழக்கங்களே பயத்துக்குத் தீனி போடுகின்றன என்றார்கள். வயசானால் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் இதுதான் பதில்: ஒளிவது தொடரும்வரை வயசு மட்டும்தான் கூடும்.

உளவியல் நிபுணர் எதற்கு, நண்பன் போதாதா என்று கேட்பாய். அவன் வேண்டும். ஆனால் "நீ நல்லாத்தான் பேசுற" என்று அவன் சொல்லும் ஆறுதல் சாயங்காலம்வரைகூடத் தாங்காது. மறுபடி கேட்கத் தோன்றும். உளவியல் நிபுணர் புகழ மாட்டார். 1960-களில் ஏரன் பெக் வகுத்த முறையில், உன் பயத்தை ஓர் ஊகமாக எழுதவைத்து, அதைச் சோதிக்கச் சிறு சிறு வேலைகள் தருவார்: இந்த வாரம் ஒரே ஒரு சந்தேகம் கேட்டு வா, நடந்ததைக் குறித்து வா. எல்லாருக்கும் ஒரே வேகத்தில் பலிக்காது. சிலருக்கு மனநல மருத்துவரின் மருந்தும் தேவைப்படலாம்.

"பைத்தியம்னு சொல்வாங்களே" என்பதுதான் வீட்டில் எழும் பெரிய தடை. சொல்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நிபுணரிடம் போனது வெளியே தெரிய வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் தவிர, சிகிச்சை விவரம் வெளியே போகாமல் காக்கப்படுவது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தரும் உரிமை. காசுக்குத் தயங்கினால், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம். என்ன சொல்வதென்று திணறினால், எனக்கு எழுதிய முதல் வரியையே வாசித்துக் காட்டு. பேசுபவர் உனக்குப் பொருந்தவில்லை என்றால் வேறொருவரைக் கேட்பதிலும் தவறில்லை.

அன்புடன்,
அண்ணன்